பொண்ணான வாக்கும் பத்துக் குற்றமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், 1994ஆம் ஆண்டு உயர்தர கலைப்பிரிவு மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டு நிறைவில் எங்கள் வகுப்பின் சார்பில் ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டபோது, நாங்கள் வாங்கிய பரிசுகளைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தோம். பட்டியல் மிகச் சிறியதாக இருந்தது. ஆகவே நாங்கள் செய்த ஒரு குறும்பையும், அதற்குப் பின் நாங்கள் படித்த ஒரு பாடத்தையும் சொல்ல வந்திருக்கிறோம்.

1994ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாராளுமன்றப் பொதுத் தேர்தல். நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். கடுகண்ணாவைக் கணவாயிலிருந்து பிலிமத்தலாவை வரை வெறும் சுவர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பஸ்ஸுக்கு நின்றால் கையில் துண்டுப்பிரசுரம். கடலை வாங்கினால் அதைச் சுற்றித் தருவதும் துண்டுப்பிரசுரம். அந்தப் பருவத்தில் தமிழ் பாடத்துக்கு நாங்கள் உரையாசிரியர்களைப் படித்துக்கொண்டிருந்தோம். "ஈண்டு", "என்னை? எனின்", "என்க" என்று அவர்கள் எழுதும் தோரணை எங்களுக்குத் தொற்றிவிட்டது. சிற்றுண்டிச்சாலையில் வடை வாங்கும்போதுகூட "இவ்வடை சிறுத்தது என்னை? எனின், விலை பெருத்தமையின் என்க" என்றுதான் பேசிக்கொள்வோம்.

அந்தத் தோரணையை நாங்கள் துண்டுப்பிரசுரங்கள்மீது ஏவிவிட்டோம். தமிழ் மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகையில் "தேர்தல் இலக்கிய விருத்தியுரை" என்று ஒரு பகுதி தொடங்கினோம். ஒரு வேட்பாளரின் பிரசுரம் இப்படி இருந்தது: "கடுகண்ணாவை வாழ் பெருமக்களே! அலைகடலெனத் திரண்டு வாரீர்! உங்கள் பொண்ணான வாக்குகளை மலையகத்தின் விடிவெள்ளிக்கே அள்ளித் தாரீர்!"

இதற்கு நாங்கள் எழுதிய உரையின் ஒரு பகுதியைப் பழைய கொப்பியிலிருந்து அப்படியே வாசிக்கிறோம்.

"அலைகடலென: இஃது உவமை. கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கு மேலே உள்ள ஊரார்க்குக் கடலை உவமித்தது என்னை? எனின், இவ்வூரார் கடலைக் காணவேண்டின் புகையிரதம் ஏறிக் கொழும்புக்குச் செல்லல் வேண்டும். தேர்தல் முடிந்தபின் வேட்பாளரைக் காணவேண்டினும் அவ்வாறே செல்லல் வேண்டும். ஆதலின் உவமை பொருந்தும் என்க.

பொண்ணான வாக்கு: பொன்னான எனப் பாடம் ஓதுவாரும் உளர். அது பொருந்தாது. பொன்னாயின் பெற்றபின்னும் பெட்டியில் வைத்துப் போற்றுவர். பொண்ணாயின், கேட்டுப் பெறும்வரை வாசலில் நின்று இனிக்கப் பேசுவர். பெற்றுக்கொண்டபின் அவள் சொல்லைக் காதில் போடார். ஆதலின் பொண்ணான என்பதே ஆசிரியர் கருத்து என்க.

விடிவெள்ளி: விடியுமுன் தோன்றி, விடிந்ததும் மறைவது. வாக்கெண்ணி முடிந்த மறுநாள் மறைதலின் இவ்வுருவகம் குற்றமின்று.

அள்ளித் தாரீர்: ஒருவர்க்கு வாக்கு ஒன்றாக, அள்ளுமாறு என்னை? எனின், அது ஆசிரியரின் முன்னைய தேர்தல் அனுபவம் போலும்."

அந்த வாரம் சஞ்சிகை வகுப்பு வகுப்பாகச் சுற்றியது. அதுவரை எங்களை ஏறெடுத்தும் பார்க்காத விஞ்ஞானப் பிரிவு மாணவிகள்கூட வாங்கி வாசித்தார்கள். புகழ் வந்தால் பிழையும் பின்னால் வரும். அடுத்த வாரத்துக்கு வேறொரு பிரசுரம் தேடினோம். பஸ் நிறுத்தத்தில் ஒன்று கிடைத்தது. அச்சடித்ததல்ல, கையால் எழுதி றோணியோ செய்தது. மை பரவியிருந்தது. ஒரு தோட்டத்துக் குழுவின் பெயரில் வந்த அதில் இப்படி இருந்தது: "தோலர்கலே! எங்கள் லயத்திற்க்கு தன்னீர் இல்லை. நாளு மாதமாக வைத்தியர் வறவில்லை. கொலுந்து எடுக்கும் பெண்கள் படும் கஸ்டம் சொல்ல முடியாது. தன்னீர் இல்லாமல் வாழ முடியாது. ஞாயிறு காலை கோயிலடியில் கூடுவோம். ஓட்டு கேட்டு வறும் எல்லா கட்சிக்காறர்களிடமும் ஒரே கோறிக்கையை வைப்போம்."

எங்களுக்குப் புதையல் கிடைத்ததுபோல இருந்தது. உடனே உட்கார்ந்து எழுதினோம்.

"தன்னீர்: தன் + நீர். தனக்கே உரிய நீர். பிறர்க்கு இல்லை என்பது குறிப்பு. வறவில்லை: வறத்தல் வற்றுதலாம்; வைத்தியர் இன்னும் வற்றவில்லை என நம்பிக்கை கூறியவாறு. கொலுந்து: கொல் என்னும் பகுதியடியாகப் பிறந்தது, எடுப்பாரைக் கொல்லுதலின் அப்பெயர்த்து."

மன்றத்தில் சஞ்சிகையை யார் வாசிப்பது என்பதற்கு முறை உண்டு. அந்த வெள்ளிக்கிழமை முறை எங்கள் தோழி ஒருத்திக்கு. தோட்டத்திலிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வரும் பிள்ளை. எங்கள் எல்லோரையும்விட அழகாகத் தமிழ் வாசிப்பாள். எழுந்து நின்று, ஓர் எழுத்தும் தடுக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, முழுவதையும் வாசித்தாள். மண்டபம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். வாசித்து முடித்து, சஞ்சிகையை மேசையில் வைத்துவிட்டு, டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்:

"கொல்லுதுன்னு எழுதினது சரிதான் டீச்சர். போன மாசம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி. லொறி இல்ல. சாக்குல கட்டி மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் எங்கப்பா இத எழுதினாரு."

மீண்டும் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. எங்களில் சிலர்தான் அழுதோம். அது பிரயோசனமில்லாத அழுகை என்பது அப்போதே தெரிந்தது.

அந்தத் தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் "சொல்லுங்க, ஆனா பேரு வேணாம்" என்றபின்தான் இதை இங்கே சொல்கிறோம்.

எங்கள் தமிழ் டீச்சர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்குமோ தெரியாது. திங்கட்கிழமை இரண்டு பிரசுரங்களையும் மேசைமேல் வைத்தார். பவணந்தியாரின் நன்னூலைத் திறக்கச் சொன்னார். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் அதில் சொல்லப்பட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தோம். "இரண்டு பிரசுரத்திலும் பத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். பகிடி வேண்டாம். எண்ணினால் போதும்" என்றார்.

எண்ணினோம்.

வேட்பாளரின் நான்கு பக்கப் பிரசுரத்தில் எழுத்துப்பிழை "பொண்ணான" என்ற ஒன்றே. ஆனால் மற்றவை? எந்த வீதி, எந்த ஆண்டு, எவ்வளவு செலவு என்று ஒன்றுமில்லை: குன்றக் கூறல். விடிவெள்ளி, சிங்கம், இமயம் எல்லாம் ஒரே ஆள்: மிகைபடக் கூறல். போன தேர்தலில் சொன்ன பாலமே இந்தத் தேர்தலிலும் வந்தது: கூறியது கூறல். முதற் பக்கத்தில் வரி குறையும், மூன்றாம் பக்கத்தில் எல்லாம் இலவசம்: மாறுகொளக் கூறல். ஓசை உண்டு, பொருள் இல்லை: வெற்றெனத் தொடுத்தல். வீதியைப் பற்றித் தொடங்கித் தலைவரின் பாட்டனார் பெருமையில் முடிந்தது: மற்றொன்று விரித்தல். நாட்டை உயர்த்துவோம் என்று ஆரம்பித்து பஸ் நிலையத்துக்குக் கூரை போடுவோம் என்று இறங்கியது: சென்று தேய்ந்து இறுதல். நான்கு பக்கம் வாசித்தும் ஒன்றும் விளங்கவில்லை: நின்று பயனின்மை. "மயங்க வைத்தல்" இருக்கிறதா இல்லையா என்பதில் எங்களுக்குள்ளேயே மயக்கம் வந்தது. அதை விட்டாலும் பத்தில் ஒன்பது.

தோழியின் தந்தையார் எழுதியதில் "வழூஉச்சொல் புணர்த்தல்" வரிக்கு வரி இருந்தது. தண்ணீர் என்பது இருமுறை வந்ததால் "கூறியது கூறல்" என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி எழுந்து, "தண்ணீர் இல்லாதவர் தண்ணீரை இரண்டு தரம் கேட்பது குற்றமாகாது" என்று வாதாடி வென்றாள். ஆக, பத்தில் ஒன்று. யார், எதை, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்தும் அந்தச் சிறு தாளில் இருந்தன. எல்லாக் கட்சிக்கும் ஒரே கோரிக்கை என்பதில் ஓர் அரசியல் அறிவும் இருந்தது.

டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்று: "பவணந்தியார் பிழையான சொல்லையும் குற்றம் என்றுதான் சொல்கிறார். ஆனால் பத்தில் ஒன்றாகச் சொல்கிறார். நீங்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். அது பிடிக்க இலகு."

தங்கையரே, அதற்குப் பிறகு நாங்கள் படித்தவற்றையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லவேண்டும். அரசியல் பேச்சை இலக்கிய ஆயுதத்தால் கேலி செய்வது தமிழில் மிகப் பழைய கலை. ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற கதையைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் படித்திருப்பீர்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்டான். ஔவையார் அதை மறுக்கவில்லை, புகழ்ந்தார். பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி எவ்வளவு அழகாகக் காவலில் இருக்கின்றன என்றார். எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போரில் பட்ட வேல் எது, படாத வேல் எது என்று விளங்காதவர் யார்? கவனியுங்கள்: அவர் கேலி செய்தது கோட்டைக்குள் இருந்த அரசனை. தூது போன ஒரு பெண் அதை அவன் முகத்துக்கு நேரே செய்தார்.

அதே ஆயுதம் வேறு திசையிலும் பாய்ந்திருக்கிறது. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சேறியபின், அதற்கு "அருட்பா" என்ற பெயர் தகுமா என்று எழுந்த வாதத்தில் எங்கள் நாட்டு ஆறுமுக நாவலர் ஒரு பக்கம் நின்றார். சொல்லுக்குச் சொல் குற்றம் கண்டு கண்டனங்கள் வந்தன. மறு கண்டனங்கள் வந்தன. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அவர்கள் காலத்துக்குப் பின்னும் அந்தச் சண்டை ஓயவில்லை. இரு பக்கமும் பெரும் புலமை. படித்தவர் படித்தவரோடு பொருதது என்பதால் அங்கே ஏழை எவரும் அடிபடவில்லை என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

1960களின் தொடக்கத்தில் எங்கள் நாட்டில் நடந்த "மரபுப் போராட்டம்" அப்படியல்ல. உழைக்கும் மக்களின் பேச்சு மொழியில் கதை எழுதியவர்களைப் பண்டிதர் சிலர் "இழிசனர் இலக்கியம்" என்று இகழ்ந்தார்கள். பேராதனையில் படித்த கைலாசபதி போன்றவர்கள் எழுத்தாளர் பக்கம் நின்று பதில் சொன்னார்கள். அந்த எழுத்தாளர்களுள் டொமினிக் ஜீவாவும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் தொழில் செய்தபடியே எழுதியவர். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய "மல்லிகை" பல பத்தாண்டுகள் வெளிவந்தது. கொப்பியில் "கொலுந்து" என்று பகுபத இலக்கணம் எழுதிய நாங்கள் அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மலையகத்துக்கு வருவோம். 1930களில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் கட்டினார்கள். மீனாட்சி அம்மை அரசியல் கருத்தைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் தானே பாடினார். அப்பாடல்கள் 1940இல் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்ற சிறு நூலாக வந்தன. அன்றைக்குக் காதில் விழுந்த மெட்டுகளில், எல்லோருக்கும் புரிகிற சொற்களில் அமைந்தவை. யாப்பிலக்கணக் கோலைக் கொண்டு அளந்தால் குறை காணலாம். ஆனால் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்களுடைய உரிமை எப்படிப் பறிபோகிறது என்று சொல்லிக் கொடுத்த பாடல்கள் அவை. இங்கே நூறு வருடமாகப் பெண்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறோம். மீனாட்சி அம்மையின் பெயரை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்று எங்களையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

மறுபக்கம், 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். எழுத்துப்பிழை தேடினால் கிடைப்பது அரிது. சட்டம் படித்தவர்கள் நிறுத்தி நிதானமாக எழுதியவை. திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும் என்று பிசகின்றி வரையறுத்தார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பதியப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேர்தான். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போம் என்று விட்டது. அந்த வாசகத்திலும் இலக்கணப் பிழை இல்லை. எங்கள் தோழியின் தந்தையாருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரசாவுரிமை கிடைத்தது. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். படித்தது தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை; அதற்கு மேல் அங்கே வகுப்பு இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். அதற்குள் அவருக்குக் குடும்பமே வந்துவிட்டது. ழகரம் தவறியது அவர் குற்றமா, அவரை ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் காட்டுக்கு அனுப்பியவர்கள் குற்றமா?

அப்படியானால் எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். சிரிக்கலாம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் அரசாங்கப் பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாட்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அங்கே தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு, திருத்தச் சொல்லிக் கடிதமும் எழுதுங்கள். சரியாக எழுதக் கடமையும், பணமும், மொழிபெயர்ப்பாளரும் உள்ளவர்கள் பிழை விட்டால் அது அலட்சியம்.

எங்கள் வகுப்பு கைக்கொண்ட சோதனை மிக எளிது. ஒரு பிரசுரத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால், முதலில் அதன் எழுத்துப்பிழையையெல்லாம் மனதுக்குள் திருத்திப் பாருங்கள். திருத்தியபின்னும் சிரிப்பு மிஞ்சினால், அது கருத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, தயங்காமல் எழுதுங்கள். விடிவெள்ளி எத்தனை முறை திருத்தினாலும் விடிவெள்ளிதான். திருத்தியதும் சிரிப்பு போய்விட்டால், நீங்கள் சிரித்தது ஒரு மனிதரின் வறுமையைப் பார்த்து. இப்போது பிரசுரங்கள் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. ஒருவர் எழுதியதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிச் சிரிக்க ஒரு நிமிடம் போதும். சோதனைக்கு அதைவிடக் குறைந்த நேரம்தான் வேண்டும்.

எங்கள் பகுதி பிறகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. "தேர்தல் இலக்கிய விருத்தியுரை" அந்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடியும்வரை நடந்தது. அதன் ஆசிரியராக நாங்கள் தெரிவு செய்தது அந்தத் தோழியைத்தான். எங்களைவிடக் கடுமையாக எழுதினார். எந்தக் கட்சியும் தப்பவில்லை. தண்ணீர்க் குழாய் வந்ததா என்றும் கேட்பீர்கள். ஞாயிறு கூட்டத்துக்கு மூன்று கட்சிக்காரர் வந்தார்கள். குழாய் வர மேலும் இரண்டு வருடமும், இன்னும் ஐந்து கடிதங்களும் தேவைப்பட்டன. அந்த ஐந்து கடிதங்களையும் தந்தையார் சொல்ல, மகளும் நாங்களும் எழுதினோம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினோம். அவர் சொன்ன ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அதனால் சங்கத்திடம் எங்கள் வகுப்பு ஒரு வேண்டுகோளை வைக்கிறது. நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் வரட்டும், மகிழ்ச்சி. அதோடு, மாதத்தின் முதற் சனிக்கிழமை காலையில் இந்த மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும் நான்கு கதிரையும் போட்டுத் தாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் வரட்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தவர்கள், ஊழியர் சேமலாப நிதிக்கு அலைகிறவர்கள், வீதி கேட்பவர்கள் எல்லோரும் வரட்டும். அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதித் தருகிறோம். முதல் ஆண்டுக்கு எங்கள் வகுப்பிலிருந்து பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். உயர்தர வகுப்புத் தங்கையர் விரும்பினால் பக்கத்தில் அமர்ந்து பழகலாம். வேலை முடிந்ததும், அந்த மாதம் வந்த அரசியல் பிரசுரங்களுக்கு எல்லோருமாகச் சேர்ந்து உரை எழுதுவோம். தேநீரும் வடையும் எங்கள் செலவு. வடை சிறுத்திருந்தால், காரணம் உங்களுக்கே தெரியும்.